டைபாய்டு என்று கழிந்த 7 வாரங்கள்: இதய வால்வில் கிருமித்தொற்று, ஒரு நிகழ்வு ஆய்வு

மேற்கு மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில், பொது மருத்துவப் பிரிவில் நாங்கள் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிய பதிவு இது. அவர் யாரென்று தெரியாதபடி சில சொந்த விவரங்களை மாற்றியிருக்கிறோம். மருத்துவ விவரங்கள் நடந்தபடியே இருக்கின்றன. நீடித்த காய்ச்சலைத் தினமும் பார்க்கிற மருத்துவர்களையும் செவிலியர்களையும் மனதில் வைத்து எழுதினாலும், வால்வு நோய் உள்ளவர்களும் அவர்கள் வீட்டாரும் படித்துப் புரிந்துகொள்ள முடிய வேண்டும் என்பது எண்ணம்.

நோயாளி

36 வயதுப் பெண். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கணவர் டெம்போ ஓட்டுகிறார். 2 பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர். சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. முன்பு ஏதாவது பெரிய வியாதி இருந்ததா என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றார். அவரைப் பொறுத்தவரை அது உண்மைதான். நன்றாக ஓடியாடி வேலை செய்துகொண்டிருந்தவர் அவர்.

எங்களிடம் வருவதற்கு முந்தைய 7 வாரங்கள்

மாலையானால் உடம்பு சுடுவதுதான் ஆரம்பம். பகலில் வேலைக்குப் போய்விடுவார். இருட்டும் நேரத்தில் குளிரெடுக்கும். பக்கத்துக் கிளினிக்கில் பாராசிட்டமாலும் 3 நாளுக்கு அசித்ரோமைசினும் கொடுத்தார்கள். குறைந்தது, மறு வாரமே திரும்பவும் வந்தது. அடுத்த இடத்தில், டைபாய்டு எதிர்ப்பொருளைப் பார்க்கும் வைடால் டெஸ்ட் எடுத்தார்கள். 1:160 என்று வந்ததும் டைபாய்டு என்று முடிவாகி, செஃப்ட்ரையாக்சோன் ஊசியும் குளுக்கோஸும் 5 நாள் போனது. மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டது. ஊசியை நிறுத்திச் சில நாட்களில் மறுபடி பிடித்துக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊரில் ஒரே ஒரு முறை எடுத்த வைடால் டெஸ்டை நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. எப்போதோ வந்துபோன தொற்றின் எதிர்ப்பொருள்கூட அந்த எண்ணைக் காட்டும். ஆனால் இந்த நிகழ்வில் ஆளை ஏமாற்றியது வைடால் மட்டுமல்ல, மருந்தும் சேர்ந்துதான். செஃப்ட்ரையாக்சோன் டைபாய்டு கிருமியையும் கொல்லும், இதய வால்வில் உட்காரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைக் கிருமிகளையும் கொல்லும். ஊசி போட்டதும் காய்ச்சல் இறங்கியதை "அப்படியானால் டைபாய்டேதான்" என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் வால்வில் இருந்த கிருமிகள் பாதி அடங்கி, ஊசி நின்றதும் மறுபடி பெருகியிருக்கின்றன. 1885ல் லண்டனில் வில்லியம் ஆஸ்லர் இந்த நோயைப் பற்றி நிகழ்த்திய உரைகளில், டைபாய்டு போலவே தோன்றும் வகை என்று ஒரு பிரிவையே வைத்துப் பேசியிருக்கிறார். குழப்பம் பழையதுதான்.

நான்காவது வாரத்தில் எடை 6 கிலோ குறைந்திருந்தது. உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 96, ஹீமோகுளோபின் 8.2. காசநோயோ என்று எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்தார்கள். இரண்டிலும் எதுவும் இல்லை. கை கால் மூட்டெல்லாம் வலிக்கிறது என்று சொன்னதால் முடக்குவாதத்துக்கான ஆர்.ஏ. ஃபேக்டர் டெஸ்ட் பார்த்தார்கள். பாசிட்டிவ். முடக்குவாதம் என்று இன்னொரு பெயர் சேர்ந்தது. வலி மாத்திரையும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்தார்கள். நாள்பட்ட வால்வுத் தொற்றிலும் ஆர்.ஏ. ஃபேக்டர் பாசிட்டிவ் ஆகும். அந்த ரிப்போர்ட்டை வைத்து யாரும் ஸ்டீராய்டு தொடங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. ஆறாவது வாரத் தொடக்கத்தில் லெவோஃப்ளாக்சசின் 5 நாள் கொடுத்தார்கள். அதோடு ஆன்டிபயாடிக் எதுவும் இல்லை.

மொத்தம் 4 இடங்களில் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சீட்டுகள் எதிலும் இதயத்தைப் பரிசோதித்த குறிப்பு இல்லை. அதனால் யாரும் ஸ்டெத் வைத்துக் கேட்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கூட்டம் நெரிக்கிற ஓ.பி.யில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் ரத்தக் கல்ச்சர் மட்டும் எங்கும் எடுக்கவில்லை.

சேர்க்கையின்போது கண்டவை

ஏழாவது வாரக் கடைசியில், இடது விலாவுக்குக் கீழே திடீரென்று கடும் வலி. மூச்சை இழுத்தால் கூடியது, இடது தோள் வரை பரவியது. இரவு அவசரப் பிரிவுக்கு வந்தார். சிறுநீரகக் கல்லாக இருக்கலாம் என்று நினைத்து எடுத்த ஸ்கேனில் கல் இல்லை. மண்ணீரல் சற்றுப் பெருத்து, அதன் ஓரத்தில் ஆப்பு வடிவத்தில் ஒரு பகுதி ரத்த ஓட்டமில்லாமல் செத்துப்போயிருந்தது. ஒரு ரத்தக்குழாய் எங்கிருந்தோ வந்த ஏதோ ஒன்றால் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

காய்ச்சல் 101 டிகிரி. நாடித்துடிப்பு 108, ரத்த அழுத்தம் 110/66, ஆக்சிஜன் அளவு 97 சதவீதம். நல்ல சோகை. விரல் நுனிகள் லேசாக உருண்டிருந்தன. 2 நகங்களுக்கு அடியில் மரச்சிராய் ஏறியதுபோன்ற கருஞ்சிவப்புக் கோடுகள். கீழ் இமையின் உட்பக்கம் ஒரு சிறு ரத்தப்புள்ளி. இடது மார்புக்குக் கீழ் ஸ்டெத்தை வைத்தால் இதயம் சுருங்கும் நேரம் முழுவதும் கேட்கிற மர்மர் என்னும் இரைச்சல், அக்குள் வரை கேட்டது. இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கும் மைட்ரல் வால்வு கசிகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் சொத்தை. பக்கத்தில், பிடுங்கியபோது உடைந்து உள்ளேயே தங்கிப்போன ஒரு பல்வேர்.

இந்த நோயில் விரல்களிலும் உள்ளங்கைகளிலும் வரக்கூடிய ஆஸ்லர் கணுக்களும் ஜேன்வே புள்ளிகளும் இல்லை. பாடப்புத்தகம் சொல்கிற எல்லாக் குறிகளும் ஒரே ஆளிடம் கிடைக்கும் என்று காத்திருந்தால் இந்த நோயைப் பிடிக்கவே முடியாது. நகத்தைப் பார்ப்பதும் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பதும் ஒரு நிமிட வேலை, பைசா செலவில்லை.

ஹீமோகுளோபின் 7.9, வெள்ளணுக்கள் 12,400, ஈ.எஸ்.ஆர். 102, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.3. சிறுநீரில் சிவப்பணுக்களும் புரதமும் இருந்தன. இ.சி.ஜி.யில் துடிப்பு வேகம் தவிர வேறு கோளாறு இல்லை.

விடுபட்டிருந்த முக்கியத் தகவலை எடுத்தவர் ஒரு பெண் பயிற்சி மருத்துவர். நோயாளியை விட்டுவிட்டு அவருடைய அம்மாவிடம் போய், "சின்ன வயசில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டார். "பதினொரு வயசுல வந்துதுங்க மேடம். முட்டி வீங்கி நடக்கவே முடியாமக் கெடந்தா. அப்புறம் 21 நாளைக்கு ஒருக்கா இடுப்புல ஊசி போட்டுட்டு இருந்தோமுங்க. கண்ணாலம் ஆனதுக்கப்புறம் நிறுத்திட்டோமுங்க" என்றார் அம்மா. பெனிட்யூர் ஊசி. ருமாட்டிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதித்த பிள்ளைகளுக்கு, அது மறுபடி வராமலிருக்க வருடக்கணக்கில் போடும் பென்சிலின். இரண்டாவது கர்ப்பத்தின்போது "நெஞ்சில் சத்தம் கேட்கிறது" என்று சொல்லி எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அந்த ஃபைல் வீடு மாறியபோது தொலைந்துவிட்டது.

முதல் முடிவு: மருந்துக்கு முன் கல்ச்சர்

அவசரப் பிரிவில் செஃப்ட்ரையாக்சோன் எழுதியாகிவிட்டது. காய்ச்சலும் வயிற்றுவலியுமாக ஒருவர் இரவில் வந்தால் யாரும் அதைத்தான் எழுதுவார்கள். ஊசி உள்ளே போவதற்கு முன் மர்மரும் நகக் கோடுகளும் கண்ணில் பட்டுவிட்டதால், முதலில் கல்ச்சர் என்று முடிவு செய்து ஊசியை நிறுத்திவைத்தோம்.

மூன்று வெவ்வேறு இடங்களில் குத்தி, அரை மணி நேரம் இடைவெளி விட்டு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 மில்லி ரத்தம். வார்டில் 2 செட் பாட்டில்தான் இருந்தது, மூன்றாவதை ஐ.சி.யூ.விலிருந்து வாங்கினோம். ஒரே இடத்தில் குத்தி எடுத்த ரத்தத்தை மூன்றாகப் பிரித்தால் பயனில்லை. தோலில் சாதாரணமாக இருக்கிற கிருமி ஒரு பாட்டிலில் தவறி ஏறலாம். வெவ்வேறு இடங்களில் எடுத்த மூன்றிலும் ஒரே கிருமி வளர்ந்தால் அது ரத்தத்திலேயே இருக்கிறது. அளவும் முக்கியம். பெரியவர்களின் ரத்தத்தில் ஒரு மில்லிக்குச் சில கிருமிகளே இருக்கக்கூடும் என்பதால் 3 மில்லி எடுத்தால் ஒன்றும் சிக்காமல் போகலாம். குளிர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், வால்விலிருந்து கிருமி இடைவிடாமல் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்.

அடுத்த கேள்விதான் கடினம். ஆன்டிபயாடிக்கை உடனே தொடங்குவதா? ஏற்கனவே அரைகுறையாக மருந்து வாங்கிய, ஆனால் நிலைமை மோசமாகாத நோயாளிகளிடம் ஓரிரு நாள் மருந்தைத் தள்ளிவைத்து மறுபடி கல்ச்சர் எடுப்பது உண்டு. கிருமி எது என்று தெரியாமல் வாரக்கணக்கில் மருந்து கொடுப்பதைவிட அது நல்லது. இவருக்குக் கடைசி ஆன்டிபயாடிக் முடிந்து 9 நாள் ஆகியிருந்தது, அதனால் கிருமி வளர நல்ல வாய்ப்பு இருந்தது. மறுபக்கம், மண்ணீரலில் ஒரு துண்டு போய் ஏற்கனவே அடைத்துவிட்டது. அடுத்த துண்டு மூளைக்குப் போகலாம். அந்த அபாயத்தைக் குறைக்க முதல் வழி சரியான ஆன்டிபயாடிக்தான். மருந்து தொடங்கிய முதல் 2 வாரத்துக்குள் அபாயம் வேகமாக இறங்கும். மூன்றாவது செட் எடுத்து முடித்ததும் அன்றிரவே தொடங்கினோம்: ஆம்பிசிலின் 2 கிராம் 4 மணிக்கொரு முறை, செஃப்ட்ரையாக்சோன் 2 கிராம் 12 மணிக்கொரு முறை. கிரியாட்டினின் 1.3 இருந்ததால், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய ஜென்டாமைசின் சேர்க்கவில்லை.

எக்கோ காட்டியது

மறுநாள் காலை மார்பின் மேல் வைத்து எடுத்த எக்கோவில் மைட்ரல் வால்வின் இதழ்கள் தடித்திருந்தன, ருமாட்டிக் நோயின் பழைய தழும்பு. முன் இதழில், இடது மேலறைப் பக்கம், 13 மி.மீ. நீளத்துக்கு ஒரு வெஜிடேஷன் ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடிக்கொண்டிருந்தது. கசிவு நடுத்தரம். இதயத்தின் சுருங்கும் திறன் நன்றாக இருந்தது. அன்று மதியமே உணவுக்குழாய் வழியாகவும் எக்கோ எடுத்தோம். மார்பு வழி எக்கோவில் தெரியாத சீழ்க்கட்டியும் இதழ் ஓட்டையும் அதில் தெரியவரும். அளவு 14 மி.மீ., சீழ்க்கட்டி இல்லை, ஓட்டை இல்லை.

வெஜிடேஷன் என்பது என்ன? ஆரோக்கியமான வால்வின் மேற்பரப்பு வழுவழுப்பானது, கிருமி எளிதில் ஒட்டாது. ருமாட்டிக் நோயால் தடித்த வால்விலோ, கசிவால் ரத்தம் பீய்ச்சி அடித்துத் தேய்ந்த இடத்திலோ தட்டணுக்களும், ரத்தம் உறையும்போது உண்டாகும் நாரான ஃபைப்ரினும் மெல்லிசாகப் படியும். குளத்துப் படிக்கல்லில் பாசி பிடிக்கிற மாதிரி கிருமிகள் அதில் பிடித்துக்கொண்டு, மேலே மேலே ஃபைப்ரின் போர்த்திக்கொண்டு வளரும். வால்வு இதழுக்குள் ரத்தக்குழாய் ஓட்டம் மிகக் குறைவு என்பதால் வெள்ளணுக்கள் உள்ளே போய்ச் சண்டை போட முடியாது. உள்ளே இருக்கும் கிருமிகள் மெதுவாக வளர்பவை. வேகமாகப் பெருகும் கிருமியைக் கொல்வது போல இவற்றை ஆன்டிபயாடிக் சுலபமாகக் கொல்லாது. அதனால்தான் 5 நாள் ஊசி எடுபடுவதில்லை. நேரே நரம்பு வழியாக, அதிக அளவில், வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. பென்சிலின் வருவதற்கு முன்பு இந்த நோய் வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே இறந்துபோனார்கள்.

கிருமியும் மருந்தும்

முதல் பாட்டில் 30 மணி நேரம் வாக்கில் இயந்திரத்தில் சிக்னல் கொடுத்தது. பின்னாலேயே மற்றவையும். மூன்று செட்டிலும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சாங்குவினிஸ், வாயில் சாதாரணமாக வாழும் கிருமி. 1994ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2000லும் 2023லும் திருத்தப்பட்ட அளவுகோலின்படி 2 பெரிய அடையாளங்கள் சேர்ந்துவிட்டன: இந்த நோயை வழக்கமாக உண்டாக்கும் கிருமி கல்ச்சரில், வெஜிடேஷன் எக்கோவில். உறுதியான வால்வுத் தொற்று.

பென்சிலினுக்கு நன்றாகக் கட்டுப்படும் கிருமி, அது வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்தளவு (எம்.ஐ.சி.) 0.06. நான்காம் நாள் இந்த முடிவு வந்ததும் ஆம்பிசிலினை நிறுத்திவிட்டு, செஃப்ட்ரையாக்சோனை மட்டும் தினம் ஒரு வேளை 2 கிராம் என்று குறைத்தோம். பென்சிலினும் கொடுத்திருக்கலாம், குறிபார்த்து அடிக்கும் மருந்து அது. ஆனால் 4 மணிக்கொரு முறை 4 வாரம் தவறாமல் போட வேண்டும். ஒரு செவிலியர் இத்தனை கட்டில்களைப் பார்க்கும் வார்டில் நடு இரவு டோஸ் விட்டுப்போகும். ஜென்டாமைசினோடு சேர்த்து 2 வாரத்தில் முடிக்கும் முறையும் இருக்கிறது. சிக்கல் எதுவும் இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும்தான் அது, இவருக்குப் பொருந்தாது. மூன்றாம் நாள் மறுபடி எடுத்த கல்ச்சரில் கிருமி வளரவில்லை. 4 வாரக் கணக்கை அந்த நாளிலிருந்து தொடங்கினோம்.

குடும்பத்தார் ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: காய்ச்சலுக்கு 2 மாதம் முன்பு பல் பிடுங்கியதுதான். பிடுங்கிய பல் மருத்துவர் மேல் கோபமும் இருந்தது. எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. பல் சிகிச்சையால் வரும் தொற்று பெரும்பாலும் சில வாரங்களுக்குள் தலைகாட்டும். 2 மாதம் நீண்ட இடைவெளி. சொத்தையும் உடைந்த வேரும் ஈறு வீக்கமும் இருக்கிற வாயில், சாப்பிடும்போதும் பல் தேய்க்கும்போதும் கிருமி ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் பல் பிடுங்கியதைவிட இந்த அன்றாடக் கசிவுதான் காரணம் என்று நினைக்கிறோம்.

அறுவை சிகிச்சை எப்போது

வால்வுத் தொற்றில் அறுவை சிகிச்சைக்கு 3 காரணங்கள்: இதயம் திணறுவது, மருந்துக்குத் தொற்று அடங்காதது, துண்டு உடைந்து போய் வேறு உறுப்பை அடைக்காமல் தடுப்பது. இரண்டாம் நாள் நிலவரப்படி முதல் இரண்டும் இல்லை. மூன்றாவது இருந்தது: 10 மி.மீ.க்கு மேல், ஆடுகிற வெஜிடேஷன், ஏற்கனவே ஒரு அடைப்பு. ஆனால் அந்த அடைப்பு ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பு நடந்தது. மருந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று நடந்திருந்தால் தயங்கவே வேண்டியதில்லை.

2012ல் கொரியாவிலிருந்து வந்த ஆய்வு இந்தப் பேச்சில் எப்போதும் வரும். 76 நோயாளிகள், 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்தவர்களிடம் அடைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் எல்லோருக்கும் வால்வுக் கோளாறு கடுமையாக இருந்தது. எங்கள் நோயாளிக்கு அப்போது நடுத்தரக் கசிவுதான். அதை அப்படியே இங்கே பொருத்த முடியவில்லை.

எங்கள் மருத்துவமனையில் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு இல்லை. இரண்டாம் நாளே உயர்நிலை மையத்தோடு பேசினோம். கல்ச்சர் முடிவும் மூளை எம்.ஆர்.ஐ.யும் வரட்டும், பிறகு முடிவு செய்வோம் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது: மூளையில் ரத்தக்கசிவு இருந்தால் இதய அறுவையின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின் அதைப் பெரிதாக்கிவிடும். ஐந்தாம் நாள் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் 2 சின்ன அடைப்புகள் தெரிந்தன. நோயாளிக்குக் கை கால் எதிலும் குறையில்லை. அவருக்கே தெரியாமல் நடந்தவை. ரத்தக்கசிவு இல்லை.

கட்டியைக் கரைக்க மருந்து கிடையாதா என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வெஜிடேஷனைக் கரைப்பதில்லை, மூளையில் கசியும் அபாயத்தைத்தான் கூட்டும் என்று சொன்னோம். ஆபரேஷன் என்றதும் வீட்டில் எல்லோரும் தயங்கினார்கள். காய்ச்சல் மூன்றாம் நாளிலிருந்தே இல்லை, சாப்பிடுகிறார், நடக்கிறார். நன்றாகத் தேறிவரும்போது எதற்கு நெஞ்சைத் திறக்க வேண்டும்? 2 நாள் யோசிக்க அவகாசம் கேட்டார்கள். செலவு பற்றிய பயத்தை, வால்வு மாற்று அறுவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருகிறது என்று சொல்லித் தீர்க்க முடிந்தது. மற்ற பயத்துக்கு அப்படி ஒரு பதில் எங்களிடம் இல்லை.

ஆறாம் நாள் விடியற்காலை

4 மணிக்கு இரவு செவிலியர் அழைத்தார். நோயாளி எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், படுக்க முடியவில்லை. ஆக்சிஜன் அளவு 84. நாடித்துடிப்பு 136. இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்த சத்தம். மர்மர் முந்தைய நாளைவிடக் குறைவாகக் கேட்டது, நேரமும் சுருங்கியிருந்தது. இதைப் பார்த்து ஏமாறக் கூடாது. வால்வு திடீரென்று பெரிதாகக் கிழிந்தால் மேலறையிலும் கீழறையிலும் அழுத்தம் சீக்கிரமே சமமாகிவிடும், சத்தம் குறைந்துவிடும். நோய் கூடியிருக்கும்போது மர்மர் குறைந்து கேட்கும் இடம் இது.

நீரை வெளியேற்ற ஃப்ரூசமைடு ஊசி, மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு ஆக்சிஜன், நைட்ரோகிளிசரின் சொட்டு. ஒரு மணி நேரத்தில் ஆக்சிஜன் அளவு 94க்கு வந்தது. படுக்கையோரம் எடுத்த எக்கோவில் முன் இதழைப் பிடித்திருக்கும் நாண்களில் ஒன்று அறுந்து, இதழின் ஒரு பகுதி மேலறைக்குள் மடங்கி விழுந்துகொண்டிருந்தது. கசிவு இப்போது கடுமை. கிருமி இறந்துகொண்டிருந்தது, காய்ச்சல் நின்றிருந்தது, அதே நேரத்தில் ஏற்கனவே அரிக்கப்பட்ட திசு அறுந்துவிட்டது. மருந்து கிருமியைக் கொல்லும், அரித்த இடத்தைத் தைத்துக் கொடுக்காது.

இப்போது யாருக்கும் சந்தேகம் இல்லை. கணவர் கையெழுத்துப் போட்டார். காலை 9 மணிக்கு 108 ஆம்புலன்ஸில், ஒரு மருத்துவரும் மாஸ்க் இயந்திரமும் உடன் போக, உயர்நிலை மையத்துக்கு அனுப்பினோம்.

அறுவை சிகிச்சையும் பிறகும்

மறுநாள் அறுவை. வால்வைப் பழுதுபார்க்க முயன்றார்கள். ருமாட்டிக் நோயால் நாண்கள் சுருங்கி ஒட்டிப்போயிருந்தன, முன் இதழ் பாதி சிதைந்திருந்தது. மாற்றுவதுதான் வழி. விலங்குத் திசுவால் ஆன வால்வா, உலோக வால்வா? திசு வால்வு இளம் வயதில் சீக்கிரம் தேய்ந்துவிடும், இன்னொரு ஆபரேஷன் நிச்சயம். உலோக வால்வு நீடிக்கும், ஆனால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை வேண்டும். கர்ப்பத்தில் அந்த மாத்திரை சிசுவைப் பாதிக்கக்கூடியது. இவருக்குக் குடும்பக் கட்டுப்பாடு முடிந்துவிட்டதால் அந்தத் தயக்கம் இல்லை. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாக்கி 1990லிருந்து பொருத்தப்பட்டுவரும் டி.டி.கே. சித்ரா என்னும் உலோக வால்வை வைத்தார்கள்.

எடுத்த வால்வில் கிருமி வளரவில்லை. இது மருந்துக் கணக்கில் முக்கியம். வளர்ந்திருந்தால் அறுவை நடந்த நாளிலிருந்து முழுக் கெடுவைப் புதிதாகத் தொடங்க வேண்டும். வளராததால் பழைய கணக்கே தொடர்ந்தது.

சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 19ம் நாள் எங்களிடம் திரும்பி வந்தார். மீதியை மாத்திரையாகக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாமா என்று பேசினோம். டென்மார்க்கில் 400 நோயாளிகளிடம் நடந்து 2018ல் வெளியான ஆய்வு, குறைந்தது 10 நாள் ஊசிக்குப் பிறகு நிலைமை சீரானவர்களை மாத்திரைக்கு மாற்றலாம் என்று காட்டியிருக்கிறது. ஆனால் அங்கே மாத்திரைக்கு மாறியவர்களை அடிக்கடி வரவழைத்துப் பார்த்தார்கள், 2 மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தார்கள். எங்கள் நோயாளிக்கு, ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். இன்னும் நிலைக்கு வரவில்லை, ஊரிலிருந்து வர 2 பஸ் மாற வேண்டும். ஊசியையே தொடர்ந்தோம். அந்த நாட்களிலேயே, ஊசி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பல் பிரிவில் சொத்தைப் பல்லையும் வேரையும் எடுத்து ஈறைச் சுத்தம் செய்தார்கள். 4 வாரம் முடிந்து, 31ம் நாள் வீட்டுக்குப் போனார்.

பெனிட்யூர் விஷயமும் தீர்க்க வேண்டியிருந்தது. வால்வு மாற்றிவிட்டால் ருமாட்டிக் தடுப்பு தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். மற்ற வால்வுகள் அவருடையவைதானே, தடுப்பு தொடர வேண்டும். ஆனால் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இடுப்பில் ஊசி போட்டால் சதைக்குள் ரத்தம் கட்டலாம். அதனால் பென்சிலின் மாத்திரையாக, தினம் 2 வேளை.

ஒரு வருடத்தில் நடந்தவை

நான்காவது மாதம் காய்ச்சல் வந்தது. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில், நாங்கள் கொடுத்திருந்த அட்டையைக் காட்டியதும் அந்த மருத்துவர் ஊசி எதுவும் போடாமல் எங்களிடமே அனுப்பிவிட்டார். 3 கல்ச்சர் எடுத்தோம், எதுவும் வளரவில்லை. டெங்கு என்று தெரிந்தது. தட்டணுக்கள் குறைந்த சில நாட்களுக்கு அசிட்ரோமை எப்படிச் சமாளிப்பது என்பதே பெரிய தலைவலியாக இருந்தது, அது தனிக் கதை.

ஏழாவது மாதம் ஈறில் ரத்தம் நிற்கவில்லை என்று வந்தார். ஐ.என்.ஆர். 6.1. வயிற்றுப்போக்குக்கு மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டிருந்தார். அது அசிட்ரோமின் வேலையைப் பல மடங்கு கூட்டிவிடும். மாத்திரையை நிறுத்தி, சிறிதளவு வைட்டமின் கே கொடுத்ததில் சரியாகிவிட்டது. அட்டையில் அந்த மருந்தின் பெயரையும் சேர்த்தோம்.

இப்போது வேலைக்குப் போகிறார். நின்றுகொண்டே பார்க்கும் செக்கிங்குக்குப் பதிலாக உட்கார்ந்து செய்யும் பேக்கிங்.

எதை மாற்றியிருக்கிறோம், எது இன்னும் பாக்கி

அவசரப் பிரிவில் 3 செட் கல்ச்சர் பாட்டிலும் கிருமிநாசினியும் ஒரே பெட்டியில் எப்போதும் இருக்கும்படி செய்தோம். 2 வாரத்துக்கு மேல் காய்ச்சலும், கூடவே மர்மரோ, பழைய வால்வு நோயோ, காரணம் தெரியாத அடைப்போ இருந்தால் முதலில் அந்தப் பெட்டி. தீவிர நிலையில் வருகிறவருக்கு இதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. அவருக்கு அடுத்தடுத்து குத்தி எடுத்துவிட்டு உடனே மருந்து. காய்ச்சல் நோயாளிகளிடம் "21 நாளைக்கு ஒருமுறை ஊசி போட்டீர்களா" என்று நேராகவே கேட்கச் சொல்லியிருக்கிறோம். "இதய நோய் உண்டா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வருகிறது.

10 மி.மீ.க்கு மேல் வெஜிடேஷன் தெரிந்தால், எக்கோ எடுத்த அன்றே அறுவை வசதி உள்ள இடத்துக்கு மாற்றுவது என்று உயர்நிலை மையத்தோடு பேசி வைத்திருக்கிறோம். கல்ச்சர், எம்.ஆர்.ஐ., குடும்பத்தின் யோசனை எல்லாம் அங்கே போய் நடக்கட்டும். இந்தப் பெண்ணை இரண்டாம் நாளே அனுப்பியிருந்தாலும் நாண் அறுந்திருக்கும். ஆனால் அறுந்த நேரத்தில் அறுவை அரங்கு ஒரு மாடி தள்ளி இருந்திருக்கும்.

பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2007க்கு முன்பு வால்வில் எந்தக் கோளாறு இருந்தாலும் கொடுப்பது வழக்கம். அந்த வருடம் அமெரிக்க இதயச் சங்கம் அதைச் சுருக்கியது: செயற்கை வால்வு உள்ளவர்கள், ஏற்கனவே வால்வுத் தொற்று வந்தவர்கள், சில பிறவி இதய நோயாளிகள் போன்ற அதிக அபாயம் உள்ளவர்களுக்கு மட்டும். அதன்படி இவர் முதல் முறை பல் பிடுங்கியபோது ஆன்டிபயாடிக் தேவைப்பட்டிருக்காது. இனி தேவை: பல் பிடுங்குவது, ஈறைக் கிளறிச் செய்யும் சிகிச்சை ஆகியவற்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு அமாக்சிசிலின் 2 கிராம், ஒரே ஒரு முறை. தினம் 2 வேளை பல் தேய்ப்பதும் 6 மாதத்துக்கொரு முறை பல் மருத்துவரைப் பார்ப்பதும் அதைவிட அதிகம் காப்பாற்றும் என்று அட்டையில் முதல் வரியாகப் போட்டோம்.

சுற்றுவட்டார மருத்துவர்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இதையெல்லாம் பேசினோம். அவர்கள் சொன்னதும் நியாயம்தான்: சின்னக் கிளினிக்கில் கல்ச்சர் இயந்திரம் கிடையாது, தனியார் லேபுக்கு அனுப்பினால் ஒரு நாள் கூலிக்கு மேல் ஆகிறது, ஊசி போடாவிட்டால் நோயாளி அடுத்த கிளினிக்குக்குப் போய்விடுகிறார். பாட்டிலை நாங்கள் கொடுக்கிறோம், ரத்தம் எடுத்ததும் ஃபிரிட்ஜில் வைக்காமல் சாதாரண அறை வெப்பத்திலேயே வைத்துச் சில மணி நேரத்துக்குள் அனுப்புங்கள் என்று ஏற்பாடு பேசியிருக்கிறோம். பகலில் இது நடக்கிறது. மாலை 6 மணிக்கு மேல் பாட்டிலை யார் கொண்டுவருவது என்பதற்கு இன்னும் வழி கிடைக்கவில்லை. காய்ச்சல்காரர்கள் வேலை முடிந்து கிளினிக்குக்கு வருவதோ அந்த நேரத்தில்தான்.